குழந்தைக்கு தினமும் இன்சுலின்: ஜெர்மனியா, கனடாவா, அமெரிக்காவா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 36, சென்னையில் மென்பொருள் டெஸ்டிங் வேலை. மனைவிக்கு 33, தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். ஒன்பது வயது மகளுக்கு டைப் 1 சர்க்கரை. கையில் மூன்று வழிகள் இருக்கின்றன: ஸ்டுட்கார்ட்டில் ஒரு கார் உதிரிபாக நிறுவனம் தந்திருக்கும் 60,000 யூரோ ஆபர், கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி (மதிப்பெண் பார்த்து நிரந்தரக் குடியிருப்பு தரும் வழி), இப்போதைய கம்பெனியே எல்-1 விசாவில் அமெரிக்கா அனுப்பலாம் என்ற பேச்சு. "எங்கே மருத்துவச் செலவு குறைவு? எங்கே வேலை நிலைக்கும்?" என்று இரண்டாகக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டு நிலைமையில் இது ஒரே கேள்விதான். வேலை போன மறுநாள் மகளின் இன்சுலினுக்கு யார் பணம் கட்டுவார்கள்? இதற்கு மூன்று நாடுகளும் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன.

ஊழியர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் பிரிவில், அவர்களுடைய காப்பீட்டு வேலைகளைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். நான் வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை. காப்பீட்டு விதிகள், தொகைகள் பற்றி நான் கீழே சொல்வதை நீங்கள் நம்பலாம். பெரும்பாலும் 2025ஆம் ஆண்டுக் கணக்கு, ஜனவரிதோறும் கொஞ்சம் நகரும், அவ்வளவுதான். வேலைச் சந்தை எப்படி இருக்கும் என்று நான் சொல்வதை மட்டும் ஒரு அனுபவஸ்தனின் ஊகமாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்கு அப்பால் அதைச் சரியாகச் சொன்னவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

முதலில் அமெரிக்கா. அங்கே சர்க்கரை இருக்கிறது என்று காப்பீடு தர மறுக்க முடியாது, 2014 முதல் சட்டமே அப்படித்தான். சிக்கல் செலவிலும், காப்பீடு வேலையோடு கட்டியிருப்பதிலும் இருக்கிறது. கம்பெனி வழிக் குடும்பக் காப்பீட்டின் சராசரி பிரீமியம் 2025இல் ஆண்டுக்கு 26,993 டாலர். இதில் ஊழியர் சம்பளத்திலிருந்து போவது சராசரியாக 6,850. அதற்குமேல் டிடக்டிபிள் (காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நீங்கள் கட்டும் தொகை), கோ-பே (ஒவ்வொரு முறையும் உங்கள் பங்கு). இப்படிக் கைக்காசாகப் போவதற்குக் குடும்பத்துக்கான உச்சவரம்பு அதே ஆண்டில் 18,400 டாலர் வரை இருக்கலாம். இன்சுலின் பம்ப், சர்க்கரை அளவு காட்டும் சென்சார், எண்டோகிரைனாலஜிஸ்ட் (ஹார்மோன் டாக்டர்) என்று போகும் பிள்ளை இருந்தால் அந்த வரம்பில் கணிசமான பகுதியை வருடாவருடம் தொடுவீர்கள் என்றே வைத்துக்கொண்டு பட்ஜெட் போடுங்கள். ஜனவரி 1 அன்று கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

சம்பளம் இதையெல்லாம் தாங்கும், பொய் சொல்லக் கூடாது. மூன்று வருடத்தில் நீங்கள் சேர்க்கும் பணம் ஜெர்மனியில் சேர்ப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் வேலை போனால் நாட்டில் இருக்க 60 நாள்தான். எல்-1இல் இருந்துகொண்டு வேறு கம்பெனிக்குத் தாவ முடியாது. புதிய முதலாளி எச்-1பி வேலை விசா குலுக்கலில் போட்டு, கிடைத்தால்தான் உண்டு. காப்பீட்டைக் கோப்ரா என்ற ஏற்பாட்டில் 18 மாதம்வரை தொடரலாம், ஆனால் கம்பெனி கட்டிவந்த பங்கையும் சேர்த்து 102 சதவீதம் நீங்களே கட்ட வேண்டும். மேலே சொன்ன சராசரியை வைத்துப் பார்த்தால் மாதம் 2,200 டாலருக்கு மேல். சம்பளமே இல்லாத மாதத்தில்!

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. டெக்ஸாஸில் லே-ஆஃப் ஆன ஒருவரின் கோப்பு என் மேஜைக்கு வந்தது. மனைவி ஏழு மாதக் கர்ப்பம். பயத்தில் அன்றைக்கே கோப்ராவுக்குப் பணம் கட்டப் போனார். நான் நிறுத்தினேன். கோப்ராவைத் தேர்ந்தெடுக்க 60 நாள் அவகாசம் உண்டு. இடையில் மருத்துவமனைக்குப் போகவேண்டி வந்தால் அப்போது தேர்ந்தெடுத்துப் பழைய மாதங்களுக்கும் சேர்த்துக் கட்டினால், காப்பீடு முதல் நாளிலிருந்தே செல்லும். அவர் ஐந்தாவது வாரத்தில் ஊர் திரும்பினார், ஒரு டாலரும் கட்டாமல். ஆனால் தினமும் மருந்து வேண்டிய பிள்ளையை வைத்துக்கொண்டு நீங்கள் அப்படிக் காத்திருக்க முடியாது, அதையும் சொல்லவேண்டும். இன்னொன்று, இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசை இப்போதிருக்கும் நிலையில், மகள் 21 வயதைத் தொடும்போது அது வந்திருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. 21 ஆனதும் அவள் உங்கள் விசாவிலிருந்து வெளியேறிவிடுவாள்.

இனி ஜெர்மனி. அங்கே உங்கள் 60,000 யூரோ சம்பளம் உங்களுக்கு ஒரு பெரிய நன்மை செய்கிறது. 2025இல் ஆண்டு 73,800 யூரோவுக்குக் கீழே சம்பாதிப்பவர் அரசுச் சட்டப்படியான பொதுக் காப்பீட்டில்தான் சேரவேண்டும். அந்தக் காப்பீடு மகளுக்கு என்ன வியாதி என்று கேட்காது. 14.6 சதவீதமும் சராசரிக் கூடுதல் 2.5 சதவீதமும் சேர்ந்து 17.1. அதில் பாதி முதலாளி கட்டுவார். உங்கள் பங்கு மாதம் சுமார் 427 யூரோ. நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு சுமார் 90 யூரோ. ஆக மாதம் 517 யூரோ அளவில், மனைவி வேலைக்குப் போகாதவரை அவரும் மகளும் கூடுதல் கட்டணம் இல்லாமல் உங்கள் அட்டையிலேயே வருவார்கள். பெரியவர்களுக்கு மருந்துக்குப் பொதுவாக 5 முதல் 10 யூரோ, மருத்துவமனையில் தங்கினால் நாளுக்கு 10 யூரோ, அதுவும் ஆண்டுக்கு 28 நாள்வரைதான். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மருந்துக்கும் மருத்துவமனைக்கும் அந்தக் கட்டணமும் இல்லை. இன்சுலின், பம்ப், சென்சார் எல்லாம் டாக்டர் சீட்டில் வரும். பம்புக்கு ஒப்புதல் வாங்கக் கொஞ்சம் காகித வேலை உண்டு. மற்றபடி இங்கே மாதாமாதம் சென்சாருக்கும் ஸ்டிரிப்புக்கும் நீங்கள் கைக்காசு கொடுக்கிறீர்களே, அது நின்றுவிடும்.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. ஆபர் பேச்சுவார்த்தையில் சம்பளம் அந்த ஆண்டின் வரம்பைத் தாண்டினால் தனியார் காப்பீட்டு ஏஜென்ட் தேடிவருவார். "மாசம் 200 யூரோ மிச்சம், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் உடனே கிடைக்கும்" என்பார். இரண்டும் உண்மைதான். பொதுக் காப்பீட்டுக்காரர்கள் சிறப்பு மருத்துவருக்கு மாதக்கணக்கில் காத்திருப்பதும் உண்மை, 116117 என்ற எண்ணில் அழைத்து நேரம் வாங்க வேண்டியிருக்கும். ஆனால் தனியாரில் ஒவ்வொரு தலைக்கும் தனிப் பாலிசி, ஒவ்வொருவருக்கும் உடல்நலக் கேள்வித்தாள். உங்கள் மகளை ஒன்று மறுப்பார்கள், இல்லை பிரீமியத்தை ஏற்றுவார்கள். 55 வயதுக்குப் பிறகு பொதுக் காப்பீட்டுக்குத் திரும்புவதும் ஏறக்குறைய முடியாத காரியம். அதேபோல விசாவுக்காக ஆன்லைனில் மாதம் 40, 50 யூரோவுக்கு விற்கும் "இன்கமிங்" பாலிசி, ஏற்கெனவே இருக்கும் வியாதியைச் சேர்க்காது. வேலை தொடங்கும் தேதிக்கு முந்தைய சில நாட்களுக்கு மட்டும் அது சரி.

வேலை போனால்? 12 மாதம் பங்களிப்புக் கட்டியிருந்தால் ஆறு மாதமும், 24 மாதம் கட்டியிருந்தால் ஒரு வருடமும் வேலையிழப்புத் தொகை கிடைக்கும். குழந்தை இருப்பதால் நிகரச் சம்பளத்தில் 67 சதவீதம். அந்தக் காலத்தில் காப்பீட்டுப் பணத்தை வேலைவாய்ப்பு அலுவலகமே கட்டும். 12 மாதம் ஆகுமுன் போனாலும் குடும்பக் காப்பீடு அறுந்துவிடாது. வருமானம் இல்லை என்று காட்டினால் மாதம் சுமார் 250 யூரோ கட்டித் தொடரலாம், மனைவியும் மகளும் அதற்குள்ளேயே வருவார்கள். அமெரிக்காவின் 2,200 டாலருக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள்.

ஆனால் வேலை விஷயத்தில் ஜெர்மனியைப் பற்றி யூடியூபில் சொல்லும் அளவுக்கு நான் குஷியாக இல்லை. 2025 ஆகஸ்டில் அங்கே வேலையில்லாதோர் எண்ணிக்கை பத்து வருடங்களில் முதல்முறையாக முப்பது லட்சத்தைத் தாண்டியது. அடி அதிகம் விழுந்திருப்பது கார் துறையில். ஃபோக்ஸ்வாகன் 2030க்குள் 35,000 இடங்களைக் குறைப்பதாக 2024 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டது. ஸ்டுட்கார்ட் பக்கத்து போஷ் நிறுவனம் 2025 செப்டம்பரில் 13,000 என்றது. உங்கள் ஆபர் அதே ஊர், அதே துறை. முதல் ஆறு மாதம் புரோபேஷன், இரண்டு வார நோட்டீஸில் அனுப்பலாம். அதைத் தாண்டி, கம்பெனியில் பத்துப் பேருக்கு மேல் இருந்தால், பணிநீக்கப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும், சும்மா அனுப்ப முடியாது. புளூ கார்டில் (படித்த திறன் பணியாளர்களுக்கான வேலை அனுமதி) வந்தவர் ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலை முடித்திருந்தால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு வாங்கலாம், ஏ1 என்ற தொடக்கநிலை மட்டும் என்றால் 27 மாதம். அது கையில் வந்தபிறகு வேலை போனாலும் விசா போகாது. ஆக உங்களுக்கு உண்மையான ஆபத்துக் காலம் அந்த 21 மாதம்தான். அதைச் சுருக்குவது உங்கள் மொழிப் படிப்பு. நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் இப்போதே சேருங்கள், விசா வந்தபிறகு என்று தள்ளாதீர்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்த டெஸ்டருக்கு அங்கே இரண்டாவது வேலை கிடைப்பது முதல் வேலையைவிடக் கஷ்டம். இது என் ஊகம், ஆனால் பலமான ஊகம்.

கனடாவில் காப்பீடு வேலையோடு கட்டப்படவில்லை, வசிக்கும் மாகாணத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு) வாங்கிப் போய்விட்டால் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் டாக்டருக்கும் மருத்துவமனைக்கும் பில் வராது. இதைக் கேட்டுவிட்டுத்தான் எல்லாரும் "கனடாவில் எல்லாம் ஃப்ரீ" என்கிறார்கள். 1984இன் கனடா சுகாதாரச் சட்டம் உறுதிசெய்வது டாக்டரையும் மருத்துவமனையையும் மட்டும். வீட்டில் போட்டுக்கொள்ளும் இன்சுலின் அதில் இல்லை, மாகாணத்துக்கு மாகாணம் கதை மாறும். ஒன்டாரியோவில் தனியார் காப்பீடு இல்லாத 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு மருந்து இலவசம். டைப் 1 உள்ளவர்களுக்கு இன்சுலின் பம்பும் அதன் உபகரணங்களுக்கு ஆண்டுக்கு 2,400 கனடா டாலரும் மாகாணமே தரும் திட்டம் இருக்கிறது. 2024 அக்டோபரில் வந்த தேசிய மருந்துச் சட்டம் சர்க்கரை மருந்துகளைச் சேர்த்தது. ஆனால் முதலில் ஒப்பந்தம் போட்டவை மனிடோபா, பிரிட்டிஷ் கொலம்பியா, பிரின்ஸ் எட்வர்ட் தீவு, யூகான் ஆகியவைதான். நீங்கள் நினைக்கும் டொரன்டோ, ஒன்டாரியோவில் வருகிறது.

இறங்கும் நாளும் முக்கியம். ஒன்டாரியோ தன் மூன்று மாதக் காத்திருப்பை 2020 மார்ச்சில் எடுத்துவிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்து சேர்ந்த மாதத்தின் மிச்ச நாட்களும் அதற்குமேல் இரண்டு மாதமும் காத்திருக்க வேண்டும். ஜனவரி 31 அன்று வான்கூவரில் இறங்கினால் ஏப்ரல் 1 முதல் காப்பீடு. பிப்ரவரி 1 அன்று இறங்கினால் மே 1. ஒரு நாள் தள்ளி டிக்கெட் போட்டதற்கு ஒரு மாதம் அபராதம்! இடைக்காலத்துக்கு விற்கும் தனியார் பாலிசிகள் பெரும்பாலும் பழைய வியாதியைத் தொடாது. டாக்டர் இலவசம் என்றாலும் குடும்ப டாக்டர் கிடைப்பது வேறு விஷயம். ஒன்டாரியோவில் மட்டும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடும்ப டாக்டர் இல்லாமல் இருக்கிறார்கள்.

"குழந்தைக்கு சுகர் என்றால் பி.ஆர். ரிஜெக்ட் ஆகுமாமே" என்று கேட்டிருந்தீர்கள். பொதுச் செலவில் அதிகச் சுமை என்று தோன்றினால் மறுக்கும் விதி உண்மையிலேயே இருக்கிறது. 2025இல் அந்த வரம்பு ஆண்டுக்கு 27,162 கனடா டாலர். டைப் 1 மட்டும், வேறு சிக்கல் இல்லை என்றால் அந்த வரம்பை எட்டுவது அரிது. ஆனால் மெடிக்கலில் மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் ஐந்து வருடத் தடை. சில ஏஜென்டுகள் "கேட்டால் மட்டும் சொல்லுங்க" என்பார்கள். அந்த ஏஜென்டை மாற்றிவிடுங்கள்.

கனடாவில் பிரச்சினை உள்ளே நுழைவதும் வேலையும். 2025க்கு ஐந்து லட்சம் பேருக்கு பி.ஆர். என்று திட்டமிட்டிருந்ததை 3,95,000 ஆகக் குறைத்தார்கள். ஆபர் லெட்டருக்குக் கிடைத்த மதிப்பெண்ணை 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு, தொழில்நுட்பப் பிரிவுப் பட்டியலிலிருந்து மென்பொருள் வேலைகளில் பெரும்பாலானவற்றை நீக்கினார்கள். 2025 செப்டம்பரில் வேலையில்லாத் திண்டாட்டம் 7.1 சதவீதம். 36 வயதில் டெஸ்டராக உங்கள் பெயரில் போட்டால் வாய்ப்பு மெலிதுதான். ஆனால் உங்கள் கேள்வியில் மனைவியின் வேலையை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் வெளிநாட்டுச் சந்தையில் விலை அதிகம் உள்ள தொழில் அவருடையது. சுகாதாரத் துறைக்குத் தனிப் பிரிவில் அழைப்பு வருகிறது, மதிப்பெண் வரம்பும் பொதுவாகக் குறைவு. மணமானவர் கணக்கில் வயதுக்கு மட்டும் உங்களுக்கு 65, அவருக்கு 80. முதன்மை விண்ணப்பதாரராக அவரைப் போட்டுப் பாருங்கள். நர்ஸாகப் பதிவுபெற என்கிளெக்ஸ் தேர்வு எழுத வேண்டும், சென்னையிலேயே எழுதலாம். பி.ஆர். வந்தாலும் லைசென்ஸ் வரும்வரை நர்ஸ் வேலை பார்க்க முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இதே கணக்கு ஜெர்மனிக்கும் பொருந்தும். உங்கள் வேலை ஆட்டம் கண்டாலும் நர்ஸ் வேலை அங்கே ஆடாது. பி2 வரை மொழியும், படிப்புக்கு அங்கீகாரமும் வேண்டும், அதற்கு ஒன்றரை இரண்டு வருடம் ஓடிவிடும். நீங்கள் புளூ கார்டில் போனால் அவர் உங்கள் துணைவி என்ற முறையிலேயே எந்த வேலையும் பார்க்கலாம், தனி வேலை விசா தேவையில்லை.

பிரிட்டனைப் பற்றிப் பின்னூட்டத்தில் ஒருவர் சொல்லியிருந்தார். விசாவுக்கு முன்பே பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்ட், குழந்தைக்கு 776 என்று மொத்த விசா காலத்துக்கும் சுகாதாரக் கட்டணம் கட்ட வேண்டும். உங்கள் மூவருக்கும் ஐந்து வருடத்துக்கு 14,230 பவுண்ட். மனைவி நர்ஸாக சுகாதாரப் பணி விசாவில் போனால் மட்டும் அது கிடையாது. ஆபர் இல்லாமல் அதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம்.

திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவை (67 என்று எழுதியிருந்தீர்கள்) அழைத்துக்கொள்வது பற்றி: கனடாவில் பெற்றோர் நீண்டகாலம் வந்து தங்க சூப்பர் விசா உண்டு, ஒரு லட்சம் கனடா டாலர் மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். ஜெர்மனி 2024 மார்ச் 1 அன்றோ அதன்பிறகோ முதல் அனுமதி பெற்ற திறன் பணியாளர்களின் பெற்றோரை அனுமதிக்கிறது, ஆனால் அந்த வயதில் அவருக்கு அங்கே காப்பீடு வாங்குவதுதான் மலை. எப்படியும் அம்மாவின் இந்தியப் பாலிசியை விட்டுவிடாதீர்கள். உங்கள் மூவருக்கும்கூட கம்பெனி குரூப் பாலிசி நின்றுபோகும் முன் தனியாக ஒன்று எடுக்கப் பாருங்கள். இங்கே பழைய வியாதிக்கான காத்திருப்பு இப்போது அதிகபட்சம் மூன்று வருடம். நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்போதே அந்த மூன்று வருடம் கழிந்துவிடும், திரும்பி வந்தால் உதவும். மகளுக்குத் தனிப் பாலிசி தரத் தயங்குவார்கள், இரண்டு மூன்று கம்பெனிகளிடம் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஸ்டுட்கார்ட் ஆபரை ஏற்பேன், கூடவே மனைவி பெயரில் கனடா விண்ணப்பத்தையும் ஓட்டிக்கொண்டிருப்பேன். அமெரிக்காவை, பணம் சேர்க்க என்று காலக்கெடு வைத்துக்கொண்டு, கம்பெனி காப்பீட்டு விவரத்தை எழுத்தில் தந்தால் மட்டும் பார்ப்பேன். ஆபரில் கையெழுத்துப் போடும் முன் ஜெர்மன் எச்.ஆரிடம் மூன்று விஷயம் மின்னஞ்சலில் கேளுங்கள்: புரோபேஷன் எத்தனை மாதம், ஒப்பந்தம் நிரந்தரமா காலவரையறை உள்ளதா, உங்கள் பிரிவு எந்த கார் கம்பெனியின் புராஜெக்டை நம்பியிருக்கிறது. மூன்றாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் அதுவே ஒரு பதில். எந்த நாடானாலும் மூன்று மாத இன்சுலினைக் கைப்பையில் எடுத்துப் போங்கள். செக்-இன் பெட்டியில் வைத்தால் உறைந்து வீணாகலாம். டாக்டர் கடிதத்தில் பிராண்ட் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரும் இருக்கட்டும்.

மனைவி படித்தது பி.எஸ்சி. நர்சிங்கா டிப்ளமாவா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு நாட்டிலும் அதைப் பொறுத்துப் பாதை மாறும், கனடாவில் நன்றாகவே மாறும். அதையும் அவருடைய அனுபவ வருடங்களையும் கீழே எழுதுங்கள், அந்தப் பகுதியை மட்டும் இன்னும் விவரமாகச் சொல்கிறேன்.